மழைக்கால கார் கேள்விகள்: தண்ணீர் ஏறுமுன், ஏறியபின்

சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கொண்டோவில் பேஸ்மென்ட் மட்டும்தான். கனமழை எச்சரிக்கை வந்தால் காரை எங்கே நிறுத்துவது? (புக்கிட் தீமா)

பக்கத்தில் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில், இரண்டாம் தளத்துக்கு மேல் எங்கே இடம் கிடைத்தாலும் சரி. பெரும்பாலான இடங்களில் இரவு முழுக்க ஐந்து வெள்ளிதான். 2021 ஏப்ரலில் டன்யர்ன் சாலையில் கார்கள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள் அந்த ஐந்து வெள்ளிக்குக் கணக்குப் பார்க்கமாட்டார்கள். சாலைத் தண்ணீர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். பேஸ்மென்ட்டில் இறங்கிய தண்ணீர் பம்ப் வைத்து இறைக்கும்வரை அங்கேயே நிற்கும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் டெலிகிராம் அறிவிப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். சரிவுப்பாதையில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டால் காரை எடுக்கக் கீழே போகாதீர்கள். கார் போனால் போகட்டும்.

புகைக்குழாயில் துணி அடைத்து, பிளாஸ்டிக் உறையும் போட்டுவிட்டால் போதுமா? (ஜூரோங்)

துணி நனையும். உறைக்குள் ஈரம் தங்கும். கார் உயரத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

காரில் தண்ணீர் ஏறிவிட்டது. ஸ்டார்ட் செய்யலாமா? (ஈசூன்)

என்ன கார், தண்ணீர் எதுவரை ஏறியது, கால்வாய்த் தண்ணீரா கடல் தண்ணீரா, ஒன்றும் எழுதவில்லை. அப்படியானால் பதில்: கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சில நூறு வெள்ளியில் முடியவேண்டிய வேலை ஐந்திலக்கத்தில் போய் நிற்கும். எஞ்சினில் தண்ணீர் ஏறாவிட்டாலும், நனைந்த கனெக்டர்களில் மின்சாரம் பாய்ந்தால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் போய்விடும். எனவே 'சும்மா பார்ப்போம்' என்றுகூட ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனை கைக்கு எட்டினால் கழற்றிவையுங்கள். பிறகு நான்கு சக்கரமும் மேலே ஏறும் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், அந்த எண்ணெயோடு எஞ்சினை ஓடவிடக்கூடாது.

தரைக் கம்பளம் மட்டும்தான் நனைந்தது. ஒரு கடையில் ஷாம்பூ போட்டு, வாசனை தெளித்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஏர்பேக் விளக்கு எரிகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (தெம்பனிஸ்)

உண்டு. இந்த 'மட்டும்தான்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் தொட்டுப் பார்ப்பது கம்பளத்தின் மேல்பக்கம். அதற்கு அடியில் தடிமனான நுரைப் பஞ்சு இருக்கிறது. மேலே காய்ந்து பல நாளான பிறகும் அது ஈரமாகவே இருக்கும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காடு. மூடிவைத்த காரில் அந்தப் பஞ்சு தானாகக் காயும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏர்பேக், சீட் பெல்ட் கனெக்டர்கள் இருக்கைக்கு அடியில்தான் இருக்கின்றன. வயர் கட்டுகள் கதவு ஓரமாகத் தரையோடு ஓடுகின்றன. சில மாடல்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியே கம்பளத்துக்குக் கீழேதான். தாமிரம் பச்சை பூத்து அரிக்க இரண்டு வாரம் தாராளம்.

ஷாம்பூ போட்டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சுத்தம் செய்பவர், நீங்கள் கேட்டதைச் செய்தார். கார் போகவேண்டிய இடம் பட்டறை. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, இருக்கைகளை வெளியே எடுத்து, கம்பளத்தைப் பஞ்சோடு உரிக்கவேண்டும். தரையில் உள்ள ரப்பர் அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடிக்கவேண்டும். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைக்கவேண்டும். பஞ்சு நாறினால் புதிதாகப் போடுங்கள், அது கால்வாய்த் தண்ணீர். சிஓஇக்கு (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) மட்டும் ஒரு லட்சம் வெள்ளி அளவுக்குக் கொட்டியவர்கள் இந்த இரண்டு நாள் கூலிக்கு யோசிப்பது எனக்குப் புரியவில்லை.

இப்படி வாசனை தெளித்த கார்கள் அப்புறம் பழைய கார் சந்தைக்குத்தான் வருகின்றன. வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு இருந்தால் பேரம் பேசாமல் கிளம்புங்கள். இருக்கைத் தண்டவாள போல்ட்டில் துரு இருந்தாலும் அப்படியே.

மின்சாரக் காருக்கு எஞ்சினே இல்லை. வெள்ளம் ஒன்றும் செய்யாதுதானே? (பொங்கோல்)

பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் ஐபி67 தரம். அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. இரவெல்லாம் பேஸ்மென்ட்டில் ஊறுவது வேறு கதை. நனைந்த காரைச் சார்ஜ் போடாதீர்கள், உயர் அழுத்த மின்சாரம் பாயும் ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடாதீர்கள். கடல் தண்ணீர் புகுந்திருந்தால் தாமதமாகத் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. மற்ற வாகனங்களிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பட்டன் எச்சரிக்கை உங்களுக்கும்தான்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் எடுத்திருக்கிறேன். வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்குமா? (உட்லண்ட்ஸ்)

கிடைக்காது. அது நீங்கள் மற்றவர்களுக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு மட்டும்தான். முழுக் காப்புறுதி எடுத்தவர்களும் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று ஆவணத்தை இன்றே படியுங்கள்.

காப்புறுதிக் கோரிக்கை வைத்தால், கோரிக்கை வைக்காமல் இருந்ததற்குக் கிடைத்த கட்டணத் தள்ளுபடி போய்விடுமா? (செங்காங்)

50 விழுக்காட்டில் இருப்பவருக்கு ஒரு கோரிக்கைக்குப் பிறகு பொதுவாக 20 ஆகும், தள்ளுபடிப் பாதுகாப்பு தனியாக வாங்கியிருந்தால் தவிர. கம்பளம் உரிக்கும் செலவு மட்டும் என்றால் கையிலிருந்து கொடுப்பது லாபமாக இருக்கலாம். எஞ்சின் என்றால் யோசிக்காமல் கோரிக்கை வையுங்கள். பட்டறை ஆள் கைவைக்கும் முன்பே, தண்ணீர் ஏறிய உயரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.