பல கன்ட்ரோலர்கள் பகிரும் கோடை எப்படி டெஸ்ட் செய்வது?

கேள்வி இது: சென்னைக்குள் மட்டும் டெலிவரி செய்யும் ரெயில்ஸ் (ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்) ஆப். பின்கோடு 600 என்று தொடங்குகிறதா என்று பார்க்கும் கன்சர்ன் (பல கிளாஸ்கள் பகிரும் கோடு) ஒன்றை ஆர்டர், முகவரி, சந்தா என மூன்று கன்ட்ரோலர்கள் (ரிக்வெஸ்டுகளைக் கையாளும் கிளாஸ்கள்) பயன்படுத்துகின்றன. மூன்றுக்கும் அதே டெஸ்டுகளை எழுத வேண்டுமா?

வேண்டாம். முதலில் சரிபார்ப்பை ஒரு சாதாரண ரூபி கிளாஸுக்கு மாற்றுங்கள். தி.நகரின் 600017 தேறும், கோவையின் 641001 தேறாது. யாராவது "600 017" என்று இடைவெளி விட்டு அடித்தால்? காலியாக விட்டால்? இதையெல்லாம் ரிக்வெஸ்ட் எதுவும் இல்லாமல் நொடியில் சோதிக்கலாம். (தாம்பரம், ஆவடிக்கும் 600தான். அவை சென்னையா என்ற சண்டையை மேனேஜரிடம் விட்டுவிடுங்கள்.)

அப்புறம் கன்சர்னில் மிஞ்சுவது, தேறாவிட்டால் 422 என்ற HTTP பிழை எண்ணை அனுப்பும், ஆக்‌ஷனுக்கு முன்பே ஓடும் பிஃபோர் ஆக்‌ஷன் மட்டுமே. அதற்கு ஆர்ஸ்பெக் என்ற டெஸ்ட் கருவியின் பெயரில்லாக் கன்ட்ரோலர் போதும்: ஸ்பெக்குக்குள்ளேயே (டெஸ்ட் ஃபைலுக்குள்) ஒரு கன்ட்ரோலர் எழுதி, கன்சர்னைச் சேர்த்து, அதன் இன்டெக்ஸ் ஆக்‌ஷனைக் கூப்பிடுங்கள். வழக்கமான ரிசோர்ஸ் ரூட்டுகள் (எந்த URL எந்த ஆக்‌ஷனுக்குப் போகும் என்ற விதிகள்) தானாகக் கிடைக்கும். வேறு பெயரில் ஆக்‌ஷன் வைத்தால் ரூட்டை நீங்களே வரைய வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆனால் சந்தா கன்ட்ரோலரில் யாரோ இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கும் ஸ்கிப் பிஃபோர் ஆக்‌ஷன் போட்டுவிட்டால் இந்த டெஸ்டுக்குத் தெரியாது. ஆகவே ஷேர்டு எக்ஸாம்பிள் (பல ஸ்பெக்குகளில் சேர்க்கக்கூடிய பொது டெஸ்ட்) ஒன்று எழுதி, மூன்று கன்ட்ரோலர்களின் ரிக்வெஸ்ட் ஸ்பெக்கிலும் சேருங்கள். 641001 அனுப்பினால் 422 வர வேண்டும், ரெக்கார்டு உருவாகக் கூடாது. கன்ட்ரோலரின் இன்ஸ்டன்ஸ் வேரியபிளைத் துருவ வேண்டாம். அதற்கான அசைன்ஸ் என்ற மெதடை ரெயில்ஸ் 5 வந்தபோதே தனி ஜெம்முக்கு (ரூபி லைப்ரரி)த் தள்ளிவிட்டார்கள்.