பார்வை தெளிவாகத்தானே இருக்கிறது, டெஸ்ட் எதற்கு?

கேள்வி: எனக்கு 8 வருடமாகச் சர்க்கரை நோய். பார்வையில் குறையில்லை, சிறுநீரும் ஒழுங்காகப் போகிறது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வருடாவருடம் டெஸ்ட் அவசியமா?

பதில்: கட்டாயம் எடுங்கள். விழித்திரையிலும் சிறுநீரக வடிகட்டிகளிலும் இருப்பவை மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள், சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் இரண்டு இடமும் பழுதாகலாம், அதுவும் வலியே இல்லாமல். பார்வை மங்கட்டும், கால் வீங்கட்டும், அப்போது பார்க்கலாம் என்றிருந்தால் பாதிப்பு வெகுதூரம் போயிருக்கும். சொட்டு மருந்து விட்டு, கண் பாவையை விரித்து, விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது வேறு.

ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள், எனக்குப் பெரிய கவலையே அதுதான். ஆரம்பப் பாதிப்பு பெரும்பாலும் அதில் தெரியாது. அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் பாருங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனம் தேவை. ஆனால் காய்ச்சல், கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் அது கூடும், அதனால் ஒரே முடிவை வைத்துப் பயப்படாமல் மறுபடி பாருங்கள்.

சரி, சர்க்கரை மட்டும் கட்டுப்பட்டால் போதுமா? போதாது, ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். அப்புறம், டாக்டரைக் கேட்காமல் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போடாதீர்கள், சிறுநீரகம் தாங்காது.