முக்கோணங்களில் மூழ்கிய மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், வேலை தரும் வலைத்தள நிரலாக்கத்தை விட்டுவிட்டு இரண்டு மாதங்களாகப் பலகோணங்களை முக்கோணங்களாக வெட்டிக்கொண்டிருப்பதாகக் கவலையோடு எழுதியிருந்தீர்கள். மகளின் குறிப்பேட்டையும் பார்த்தேன். அந்த வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டாம். செய்யும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

திரையில் படம் வரையும் சில்லான வரைகலைச் செயலிக்கு முக்கோணத்தை நிரப்பத்தான் தெரியும். குழிவான வடிவத்தையோ நடுவில் ஓட்டையுள்ள வடிவத்தையோ அதனிடம் அப்படியே கொடுக்க முடியாது. 'வ' என்ற எழுத்தைத் திரையில் நிரப்ப வேண்டுமானால், அதன் வெளிக்கோட்டையும் உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் கோட்டையும் சேர்த்து முக்கோணங்களாகப் பிரித்துத் தர வேண்டும். வரைகலைச் செயலிக்குக் கட்டளையிட உதவும் ஓபன்ஜிஎல்லின் துணை நூலகமான (ஆயத்த நிரல்களின் தொகுப்பான) ஜிஎல்யூவில், இப்படி வெட்டித் தருவதற்கென்றே டெசலேட்டர் என்ற கருவி உண்டு. அதன் அமைப்புகளோடுதான் மகள் மல்லுக்கட்டுகிறார்.

எந்தப் பகுதி உள்ளே, எந்தப் பகுதி வெளியே என்று தீர்மானிக்கும் 'வைண்டிங் ரூல்' என்ற அமைப்புக்கு ஐந்து மதிப்புகள் உண்டு. ஐந்தின் பெயர்களையும் மகள் அழகாக எழுதி வைத்திருக்கிறார், ஆனால் ஓடவிட்டுப் பார்த்தது ஒன்றைத்தான். நாம் எதையும் மாற்றாவிட்டால் 'ஆட்' விதி செயல்படும்: கோடுகள் ஓர் இடத்தைச் சுற்றும் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் அது உள்ளே. அதில் இரண்டு கோட்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் ஓட்டையாகிவிடும். அந்த எண்ணிக்கை பூஜ்ஜியமாக இல்லாவிட்டாலே உள்ளே எனக் கொள்ளும் 'நான்சீரோ' விதிக்கு மாற்றினால், வளையங்கள் ஒரே திசையில் சுற்றும்போது அந்த இடம் நிரம்பும், ஆனால் அப்போது உண்மையான ஓட்டையின் கோடு வெளிக்கோட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றியிருக்க வேண்டும். நேர்காணலில் கேட்கப்படுவது இந்தக் காரணம்தான். பெயர்ப் பட்டியலை எவரும் கேட்பதில்லை. எவ்வளவு நெருக்கமான முனைகளை ஒன்றாக இணைக்கலாம் என்று சொல்லும் 'டாலரன்ஸ்' என்ற அமைப்புக்கு அவர் ஒரு வாரம் செலவிட்டதாகத் தெரிகிறது. அது வெறும் பரிந்துரை மதிப்பு என்றும், பரவலாகப் புழங்கும் நூலகம் அதைப் பொருட்படுத்தாமல் ஒரே இடத்தில் அமைந்த முனைகளை மட்டுமே இணைக்கும் என்றும் அதன் கையேடே சொல்கிறது. கையேட்டை முதலில் படித்திருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும்.

எல்லா முனைகளும் கடைசிப் புள்ளியிலேயே குவிகின்றன என்ற புகாரும் குறிப்பேட்டில் இருக்கிறது. பலகோணம் முடியும் வரை நூலகம் முனையின் விவரத்தை நகலெடுக்காமல், அது இருக்கும் நினைவக முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளக்கூடும். மடக்குக்குள் (லூப்) ஒரே மாறியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும்.

வேலையைப் பொறுத்தவரை, வடிவமைப்பு மென்பொருள், நிலவரைபடம், விளையாட்டு, எழுத்துரு ஆகிய துறைகளில் இந்த அறிவுக்கு இடமுண்டு. வலைத்தளப் பணிகளைவிட இடங்கள் குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஜிஎல்யூ பழைய நூலகம், கற்றுக்கொள்ள மட்டுமே ஏற்றது. தாங்கள் விரும்பும் வலைத்தளப் பக்கத்திலும் இதே வேலை நடக்கிறது: நிலவரைபட நிறுவனமான மேப்பாக்ஸ் வெளியிட்ட இயர்கட் என்ற சிறு நூலகம் ஜாவாஸ்கிரிப்டில் பலகோணங்களை முக்கோணமாக்குகிறது, வலைப்பக்கத்தில் முப்பரிமாணப் படம் காட்டும் த்ரீ.ஜேஎஸ் நூலகமும் அதைத்தான் பயன்படுத்துகிறது. இன்னொரு எச்சரிக்கை: 2010இல் ஓபன்ஜிஎல் 4.0 கொண்டுவந்த டெசலேஷன், வரைகலைச் செயலிக்குள்ளேயே பரப்பை நுணுக்கமாகப் பிரிக்கும் வேறொரு வசதி. பெயர் ஒன்றாக இருப்பதால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆகவே இந்த மாதம் ஒரே ஒரு நிரல் போதும். 'வ' எழுத்தைத் திரையில் காட்டி, விசையை அழுத்த அழுத்த ஐந்து விதிகளும் மாற வேண்டும். முக்கோணங்களின் எண்ணிக்கையும் ஓரத்தில் தெரிய வேண்டும். கோடுகள் வெட்டிக்கொள்ளாத, ஒற்றை ஓட்டையுள்ள வடிவத்தில் மொத்தம் 40 முனைகள் இருந்தால் 'ஆட்' விதியில் 40 முக்கோணங்கள் வர வேண்டும். குறைந்தால் எங்கே பிழை என்று தேடட்டும். காலையில் ஒரு மணி நேரம் வளாகத் தேர்வுக்கான தரவுக் கட்டமைப்புப் பாடத்துக்கு ஒதுக்கட்டும். நிரல் ஓடத் தொடங்கியதும், ஒவ்வொரு விதியிலும் அந்த எழுத்து ஏன் அப்படித் தெரிகிறது என்று தங்களுக்கே விளக்கச் சொல்லுங்கள். தங்களுக்குப் புரிந்தால் நேர்காணல் செய்பவருக்கும் புரியும்.