டாக்டரய்யா, இந்த நானோ மருந்து மாட்டுக்கு ஆகுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கில் ‘நானோ’ என்ற சொல் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொழுவத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. நான்கையும் இங்கே சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் தினமும் பீய்ச்சும் பாலில் கேசீன் புரதம் சுமார் 150 நானோமீட்டர் உருண்டைகளாகத்தான் மிதக்கிறது. கொழுப்பு எடுத்த பாலும் வெள்ளையாக இருப்பது அதனால்தான்.

என்னிடம் நான்கு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பின மாடுகள். அதில் ஒன்றுக்கு மடிநோய் விடுவதாக இல்லை. ஊசி போட்டால் பத்து நாள் நன்றாக இருக்கிறது, மறுபடி பால் திரிதிரியாக வருகிறது. ஊருக்கு வந்த ஒருவர் நானோ வெள்ளி என்று ஒரு பாட்டிலைக் காட்டினார். காம்பில் ஏற்றலாமாம், தீவனத்திலும் கலக்கலாமாம், ஒரு கிருமியும் மிஞ்சாதாம். வாங்கலாமா?
— சத்தியமங்கலம் பக்கத்து வாசகி

வாங்காதீர்கள் அம்மா.

நோய் ஏன் திரும்பி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். இப்படி விட்டு விட்டு வரும் மடிநோயில் பெரும்பாலும் நான் சந்தேகப்படுவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை. அது மடியின் செல்களுக்குள்ளும், தன்னை விழுங்க வரும் காவல் செல்களுக்குள்ளுமே புகுந்து பதுங்கிக்கொள்ளும். வெளியில் இருப்பவை பிசின் போல ஒரு படலம் கட்டி அதற்குள் இருக்கும். காம்பு வழியாக ஏற்றும் ஆன்டிபயாடிக் பாலில் இருப்பதைக் கொல்லும், பதுங்கியதை எட்டாது. நானோவுக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து அனுப்பினால், உடம்பின் காவல் செல் அதைக் கிருமி என்றே நினைத்து விழுங்கும். மருந்து கிருமி இருக்கும் அறைக்கே போய்ச் சேரும். லிப்போசோம் என்கிற இந்தக் குமிழியை 1960களில் கண்டு சொன்னவர் அலெக் பாங்ஹம். அவர் அப்போது வேலை பார்த்தது கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில் இருந்த விலங்கு உடலியல் ஆய்வு நிலையத்தில். மாட்டு வைத்தியர்களுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு! அந்தக் குமிழியில் அடைத்த புற்றுநோய் மருந்து மனிதர்களுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. மடிநோய்க்கு ஆராய்ச்சி நடக்கிறது. கடையில் வாங்கி மாட்டுக்குப் போடும்படி ஒன்றும் இதுவரை என் கைக்கு வரவில்லை.

அந்த ஆள் விற்பது இது இல்லை. வெள்ளி கிருமியைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் ‘ஒரு கிருமியும் மிஞ்சாது’ என்றால் மாடு பட்டினி கிடக்க வேண்டியதுதான். வைக்கோலைச் செரிக்க வைப்பதே அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள். மடிக்குள் ஏற்றினால் பாலில் எத்தனை நாள் வெள்ளி வரும் என்று அவரிடம் கேளுங்கள். ஆன்டிபயாடிக் டியூபில் இத்தனை நாள் பாலை விற்காதே என்று அச்சிட்டிருப்பார்கள். அவர் பாட்டிலில் அப்படி ஏதாவது இருக்கிறதா? போதாததற்கு வெள்ளி ஓர் உலோகம், மக்கிப் போகாது. சாணியோடு எருக்குழிக்கும் சாண எரிவாயுக் கலனுக்கும் போகும். அங்கேயும் நமக்கு வேலை செய்வது நுண்ணுயிர்தான். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை நானே எத்தனையோ மாடுகளுக்குப் போட்டிருக்கிறேன். செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் அதனால் கூட்டம் கூட்டமாகச் செத்தன என்று தெரிந்து, 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அதன் பிறகு எந்தப் புது மருந்தானாலும், மாட்டை விட்டு வெளியே வந்து எங்கே போகிறது என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மேல்புண்ணுக்கு வெள்ளி ஜெல் நல்லதுதான். அதிலும் நான் ஒரு முறை அசடு வழிந்தேன். எங்கள் வீட்டு மாட்டின் குளம்புப் புண்ணுக்கு நான்கு நாள் பெருமையாக வெள்ளி ஸ்பிரே அடித்தேன். ஐந்தாம் நாள் வீட்டம்மா, “வாடை வருது, உள்ள பாருங்க” என்றார். பார்த்தால் அடியில் புழு. புழுவை எடுத்து, செத்த சதையைச் சுத்தம் செய்த பிறகுதான் எந்த மருந்தும்.

சரி, உங்கள் மாட்டுக்கு என்ன செய்வது? நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாக எடுத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் கொடுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். அதுவரை அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் காம்பை மருந்தில் முக்கி, தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை மூடுவதற்குள் படுத்தால் தரையில் இருப்பது உள்ளே போகும். பால் வற்றவிடும்போது மடிக்கு ஏற்றும் மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15 அரைத்து மடியின் மேலே பூசுவதையும் செய்யலாம், கெடுதல் இல்லை. இத்தனைக்கும் கேட்கவில்லை என்றால் அந்த ஒரு காம்பை நிரந்தரமாக வற்றவிடுவதுதான் வழி. கசப்பாக இருக்கும், என்ன செய்ய?

வைக்கோலுக்கு யூரியா தெளித்து வைப்போம். இப்போது நானோ யூரியா வந்திருக்கிறதே, மூட்டைக்குப் பதில் அந்தப் பாட்டிலைத் தெளிக்கலாமா?
— மன்னார்குடி வாசகர்

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்கிறோம். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம்; ஆக 1,840 கிராம். 2021-ல் வந்த நானோ யூரியாவின் அரை லிட்டர் பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம்தான் இருந்தது, அதாவது 20 கிராம். அந்தக் கணக்கில் உங்களுக்கு 92 பாட்டில் வேண்டும்! வைக்கோலை மிருதுவாக்குவது யூரியாவிலிருந்து கிளம்பும் அம்மோனியா. துகள் நானோ அளவில் இருப்பதால் அது கூடுதலாகக் கிளம்பாது. அந்தப் பாட்டில் பயிரின் இலைக்கு. வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்காமல் மாடு தின்னும் பொருளில் தெளிக்காதீர்கள்.

நாய்க்குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான சோதனை செய்த பட்டையில் சிவப்புக் கோடு வந்தது. “இந்தச் சிவப்பு தங்கம்” என்றார் டாக்டர். கேலி செய்தாரா?
— திருச்சி வாசகி

இல்லை, நிஜமாகவே தங்கமாக இருக்கலாம். இந்த மாதிரிப் பட்டைகள் பலவற்றில் இருப்பது அதுதான். தங்கத்தை 40 நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கினால் மஞ்சள் போய்ச் சிவப்பாகிவிடும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதை எழுதியிருக்கிறார். அந்தத் தங்கத் துகளில் பார்வோ வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஒட்டியிருப்பார்கள். மலத்தில் வைரஸ் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே பட்டையில் ஊர்ந்து வந்து கோட்டில் சிக்கிக்கொள்ளும். கர்ப்பம் பார்க்கும் அட்டையிலும் இதே வித்தைதான். அடகு வைக்கிற அளவுக்குத் தேறாது! ஒன்று, சமீபத்தில் பார்வோ தடுப்பூசி போட்டிருந்தால் மங்கலான கோடு வரலாம். அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே?

கோமாரிக்கு நானோ தடுப்பூசி வரப்போகிறதாமே. அதுவரை காத்திருக்கட்டுமா?
— தருமபுரி வாசகர்

வேண்டாம். குதிரைக் காய்ச்சலுக்கு 40 நானோமீட்டர் கூண்டு போன்ற துகள் சேர்த்த தடுப்பூசி ஐரோப்பாவில் வந்து முப்பது வருஷத்துக்கும் மேலாகிறது. கோமாரிக்கும் ஒரு நாள் வரட்டும். இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசு இலவசமாகப் போடும் ஊசி இருக்கிறது. கோமாரி வைரஸ் சுமார் 30 நானோமீட்டர்தான், அது நம் முகாம் தேதிக்காகக் காத்திருக்காது. நான்கு மாதம் தாண்டிய கன்றையும் ஓட்டிக்கொண்டு போங்கள். முதல் முறை என்றால் ஒரு மாதம் கழித்து இன்னொரு ஊசி உண்டு. காது வில்லை எண்ணைப் பதிந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.