பைரோடெக்ஸ் சுட்டபின் குழலில் துரு, இறுகும் சிலிண்டர்

நண்பரே, பைரோடெக்ஸ் போட்டுச் சுட்ட உங்கள் .45 கோல்ட் ரிவால்வரை வழக்கமான சால்வென்ட்டும் (துப்புரவுத் திரவம்) எண்ணெயும் போட்டுத் துடைத்தும் இரண்டே நாளில் குழலுக்குள் துரு வந்ததாகவும், மூன்றாவது சுற்றிலேயே சிலிண்டர் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) இறுகுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பைரோடெக்ஸ் என்பது பழைய கரிமருந்துக்கு (பிளாக் பவுடர்) மாற்றாக வரும் துப்பாக்கி வெடிமருந்து. அதில் பொட்டாசியம் பெர்குளோரேட் இருக்கிறது. எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஓர் உப்பு. அது எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். எண்ணெய்க்கு அடியில் இருந்தபடியே ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்பை அரிக்கும்.

சுட்ட அன்றே கழுவிவிடுங்கள். சிலிண்டரின் தோட்டா அறைகள் அனைத்தும் காலி என்று பார்த்தபின் மரப்பிடியையும் சிலிண்டரையும் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். கொதிநீர் வேண்டாம், கண்ணெதிரிலேயே செந்துரு படரும். நல்ல நீரில் அலசி, உடனே உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய். மறுநாள் குழலுக்குள் ஒரு துணியை விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மறுபடி கழுவ வேண்டும். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளையும் சோப்பு நீரில் போடுங்கள்.

மூன்றாவது சுற்றிலேயே சிலிண்டர் இறுகுவதற்குப் பெரும்பாலும் குண்டின் மேலுள்ள பூச்சுதான் காரணம். கடையில் வரும் ஈயக் குண்டுகளில் புகையில்லா வெடிமருந்துக்கேற்ற கெட்டி மெழுகு இருக்கும். தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மென்மையான பூச்சு, படியும் கரியை இளக்கமாகவே வைத்திருக்கும். சிலிண்டர் சுழலும் ஊசியிலும் அதையே கொஞ்சம் தடவுங்கள்.

நீங்கள் வெடிமருந்தை எடை பார்த்துப் போடுவதாகச் சொன்னது எனக்குக் கவலையாக இருக்கிறது. பைரோடெக்ஸ் கரிமருந்தைவிட இலேசானது. கரிமருந்தின் எடைக்கு எடை போட்டால் அளவு மீறிவிடும். தயாரிப்பாளரின் அட்டவணைப்படி, கன அளவில் மட்டும் அளந்து போடுங்கள்.