அமெரிக்கத் தீம் பார்க் பயணம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மே மாதம் பத்து நாள் ஃபுளோரிடா போகிறோம். நாங்கள் இருவர், 10 வயது மகள், 6 வயது மகன், என் மாமியார். டிஸ்னி, யுனிவர்சல் இரண்டுக்கும் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?
_வாசகி, சென்னை_

டிஸ்னி என்றால் ஒரே வாசல், ஒரே பார்க் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் முதல் நாளே திணறிப்போகிறார்கள். ஆர்லாண்டோவுக்குத் தென்மேற்கே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் பரப்பு சுமார் 25,000 ஏக்கர். அதற்குள் மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என்று நான்கு பார்க்குகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. யுனிவர்சல் வேறு நிறுவனம். அதற்கு டிக்கெட்டும் தனி. அங்கே யுனிவர்சல் ஸ்டூடியோஸும் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சரும் அடுத்தடுத்து இருக்கின்றன. 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் மட்டும் சில மைல் தள்ளி இருக்கிறது.

பத்து நாளில் டிஸ்னிக்கு நான்கு, யுனிவர்சலுக்கு இரண்டு, ஓய்வுக்கு இரண்டு, வந்து சேரவும் கிளம்பவும் இரண்டு என்று பிரியுங்கள். ஓய்வு நாளை வெட்டி ஏழாவது பார்க்கைச் சேர்க்க வேண்டாம். நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடை இருக்கும். மூன்றாம் நாள் பிள்ளைகளின் காலில் கொப்புளம் வந்துவிட்டால் மீதி டிக்கெட்டெல்லாம் வீண். டிஸ்னியின் 4 நாள் டிக்கெட்டை, நீங்கள் குறிக்கும் முதல் தேதியிலிருந்து 7 நாளுக்குள் எந்த நான்கு நாளிலும் பயன்படுத்தலாம். ஆகவே ஓய்வு நாளை நடுவில் வைக்கத் தடையில்லை.

எந்தப் பார்க் முதலில் என்பதுதான் பலர் யோசிக்காத விஷயம். மே மாதத்தில் ஃபுளோரிடா நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளைகள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழுந்துவிடுவார்கள். மாலை ஐந்துக்கெல்லாம் கண் சொருகும். எனவே அநேகமாகக் காலையில் சீக்கிரம் திறந்து மாலையில் சீக்கிரம் மூடும் அனிமல் கிங்டத்தை முதலில் வையுங்கள். மேஜிக் கிங்டத்தின் இரவு வாணவேடிக்கையைக் குழந்தைகள் தூங்கி வழியாமல் பார்க்க வேண்டுமானால் அது நான்காம், ஐந்தாம் நாளுக்கு வரட்டும்.

மே முதல் மூன்று வாரங்கள் நல்ல தேர்வு. நமக்குக் கோடை விடுமுறை, அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளிகளுக்கு இன்னும் விடுமுறை விட்டிருக்காது. மே கடைசித் திங்கட்கிழமை அவர்களுக்கு அரசு விடுமுறை. அந்த வார இறுதியைத் தவிருங்கள். டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும், வாங்கினால் பணம் திரும்பாது. விசா கைக்கு வராமல் வாங்காதீர்கள். இரண்டு இடத்திலும் 3 வயதுக்குள் இலவசம், 3 முதல் 9 வரை சிறுவர் டிக்கெட். உங்கள் மகளுக்கு 10 ஆகிவிட்டதால் பெரியவர் டிக்கெட்தான்.

டிஸ்னி டிக்கெட்டில் இரண்டு நாள் மிச்சமிருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
_வாசகர், மதுரை_

வாங்காதீர்கள். முதல் முறை நுழையும்போதே விரல் பதிவு டிக்கெட்டோடு சேர்ந்துவிடும். அடுத்த முறை வேறொருவர் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட்டை மற்றவருக்கு மாற்றித்தர விதியே இல்லை.

மகனுக்கு 7 வயது, உயரம் 111 செ.மீ. எந்த ரைடுகளில் ஏறலாம்? ஏற முடியாததற்காக அழுவானோ என்று கவலையாக இருக்கிறது.
_வாசகி, திருச்சி_

வயதைக் கேட்க மாட்டார்கள், உயரத்தைத்தான் அளப்பார்கள். ரைடு வாசலில் ஒரு முறை, சில இடங்களில் உள்ளே போன பிறகு இன்னொரு முறையும். அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் விட மாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. உங்கள் மகன் சரியாகக் கோட்டில் நிற்கிறான்.

டிஸ்னியில் 97 செ.மீ. போதுமானவை: செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின், ஸ்லிங்கி டாக் டாஷ். 102 செ.மீ.: டியானாஸ் பேயூ அட்வெஞ்சர், டெஸ்ட் டிராக், டவர் ஆஃப் டெரர், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ். 107 செ.மீ.: எப்காட்டின் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி. இத்தனையிலும் அவன் ஏறலாம். 112 செ.மீ. கேட்பவை ஸ்பேஸ் மவுண்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், ஃபிளைட் ஆஃப் பேசேஜ். வழக்கமான ஷூவோடுதான் அளக்கிறார்கள் என்பதால் அவனுக்கு இவை கிடைக்க வாய்ப்பு உண்டு; ஆனால் கிடைக்கும் என்று இப்போதே சொல்லிவைக்காதீர்கள். செருப்புக்குள் அட்டை வைத்து உயரம் கூட்டுவது வேண்டவே வேண்டாம். இருக்கையின் தடுப்புக் கம்பி அந்த உயரத்துக்கென்றே செய்யப்பட்டது, சின்ன உடம்பை அது சரியாகப் பிடிக்காது. டிரான் ரைடுக்கு 122 செ.மீ. வேண்டும், அது இந்த முறை இல்லை.

யுனிவர்சலில் அளவுகள் இன்னும் கடுமை: கிரிங்காட்ஸ் 107, ஹாக்ரிட் மோட்டார்பைக் 122, வெலாசிகோஸ்டர் 130, ஹல்க் 137. எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யுனிவர்சலுக்கு அதிக நாள் ஒதுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு வீட்டுச் சுவரில் 97, 102, 107, 112, 122 என்று கோடு போட்டு, எந்தக் கோட்டுக்கு எந்த ரைடு என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றம் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

சின்னவன் ஏற முடியாத ரைடில் பெற்றோர் இருவரும் ஏற வழி உண்டு. டிஸ்னியில் இதற்கு ரைடர் ஸ்விட்ச் என்று பெயர், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப், இரண்டும் இலவசம். டிஸ்னியில் குடும்பத்தோடு ரைடு வாசலுக்குப் போய் ஊழியரிடம் கேளுங்கள். ஒருவர் வரிசையில் போய் ஏறிவிட்டு வருவார். பிறகு, குழந்தையோடு காத்திருந்தவர் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். யுனிவர்சலில் எல்லோரும் சேர்ந்தே வரிசையில் போய், ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அறையில் ஒருவர் குழந்தையோடு காத்திருக்க வேண்டும். முதலில் கேட்காமல் ஒருவர் ஏறிவிட்டுத் திரும்பி வந்து கேட்டால் கிடைக்காது.

லைட்னிங் லேன் கட்டாயம் வாங்க வேண்டுமா? சிங்கப்பூரிலிருந்தே பதிவு செய்ய முடியுமா?
_வாசகர், சிங்கப்பூர்_

டிஸ்னியில் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறப் பணம் கட்டி வாங்கும் விரைவு வரிசைதான் லைட்னிங் லேன். 2024 ஜூலையில் பழைய முறையை எடுத்துவிட்டு மல்ட்டி பாஸ், சிங்கிள் பாஸ் என்று இரண்டாக்கினார்கள். மல்ட்டி பாஸில் ஒரு நாளுக்கு மூன்று ரைடுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வாங்கலாம். குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஒன்றில் நுழைந்ததும் அடுத்ததை ஆப்பிலேயே குறித்துக்கொள்ளலாம். ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், டிரான் போன்ற பெரிய ரைடுகளுக்கு சிங்கிள் பாஸைத் தனியாக வாங்க வேண்டும்.

டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களுக்கு, தங்கத் தொடங்கும் நாளுக்கு 7 நாள் முன்பே மொத்தத் தங்கலுக்கும் பதிவு திறக்கும். மற்றவர்களுக்கு ஒவ்வொரு நாளுக்கும் 3 நாள் முன்பு. திறப்பது ஃபுளோரிடா நேரம் காலை 7 மணி. கோடையில் அது சிங்கப்பூரில் அதே நாள் இரவு 7, இந்தியாவில் மாலை 4:30. தூக்கம் கெடாத நேரம்தான். பணம் கட்டும் இடத்தில்தான் பலருக்குச் சிக்கல் வரும். இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் முன்கூட்டியே திறந்துவையுங்கள். ஓ.டி.பி. ஊர் எண்ணுக்கு வரும் என்பதால் அமெரிக்காவில் இருக்கும்போதும் அந்த சிம்முக்கு ரோமிங் வேண்டும். குடும்பத்தார் அனைவரின் டிக்கெட்டையும் ஒரே கணக்கில் இணைத்து வைத்திருங்கள். இணைக்காமல் விட்ட ஒருவருக்கு மட்டும் நேரம் கிடைக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது.

நான்கு நாளுக்கும் வாங்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. மேஜிக் கிங்டம், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் இரண்டுக்கு வாங்குங்கள். அனிமல் கிங்டத்தில் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் இருந்தால், நேரே ஃபிளைட் ஆஃப் பேசேஜுக்குப் போய்விடலாம். காலை முதல் இரண்டு மணி நேரத்தில் முடிகிற ரைடுகளை, மதியத்துக்கு மேல் அதே நேரத்தில் பாதிகூட முடிக்க முடியாது. டிஸ்னி ஓட்டல்காரர்களுக்கு எல்லாப் பார்க்கிலும் தினமும் அரை மணி நேரம் முன்னதாக அனுமதி உண்டு.

யுனிவர்சலில் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலின் ஒரு நிலையம் ஒரு பார்க்கிலும் மறு நிலையம் அடுத்த பார்க்கிலும் இருக்கிறது. இரண்டு பார்க்குக்கும் அன்றே போகக்கூடிய டிக்கெட் இல்லாவிட்டால் அதில் ஏற முடியாது.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. ஒரு வாரம் எப்படிச் சமாளிப்பது?
_வாசகி, கும்பகோணம்_

டிஸ்னியில் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபடுத்தித் தரச் சொல்லக் கூடாது. புளியோதரையும் சப்பாத்திச் சுருளும் தாராளமாகப் போகும். வெயிலில் தயிர் சாதம் புளித்துவிடும். ஜெல் ஐஸ் கட்டியோடு பையில் வையுங்கள், உதிரி ஐஸுக்கு அனுமதி இல்லை. யுனிவர்சலில் விதி இறுக்கம்: தண்ணீர், சின்ன நொறுக்குத் தீனி, குழந்தை உணவு, மருத்துவக் காரணமுள்ள உணவு இவ்வளவுதான். குடிதண்ணீர் வாங்க வேண்டாம், விரைவு உணவுக் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம்.

டிஸ்னி உணவுப் பட்டியலில் இலைச் சின்னம் போட்டிருந்தால் அதில் பால், முட்டை, இறைச்சி எதுவும் கிடையாது. சின்னம் இல்லாததில்தான் கவனம் வேண்டும். காய்கறி சூப்பில் கோழி வேகவைத்த நீர் இருக்கலாம், பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். உருளைக்கிழங்கு வறுவலைக் கோழி பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கிறார்களா என்றும் கேளுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டையைச் சேர்த்துவிடுவார்கள்; முட்டை, மீன், இறைச்சிச் சாறு கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள சனா உணவகத்தில் நான் ரொட்டி வகைகளும் தொட்டுக்கொள்ளச் சட்னிகளும் கிடைக்கும், முன்பதிவு செய்யுங்கள்.

சமையலறை உள்ள தங்குமிடம் எடுப்பதானால் ஊரிலிருந்து மின்சாரக் குக்கர் கொண்டுபோகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் சாதனம் சூடேறாது. கறிவேப்பிலை ஒரு கொத்துகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. அதில் ஒட்டிவரும் பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் என்பதால் தடை. பொடி, ஊறுகாய் போன்றவற்றை மறைக்காமல் படிவத்திலோ அதிகாரியிடமோ சொல்லிவிடுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. சக்கர நாற்காலி கிடைக்குமா? அதற்குத் தனி வரிசை உண்டா?
_வாசகர், யாழ்ப்பாணம்_

பார்க் வாசலில் வாடகைக்குக் கிடைக்கும். மின்சார வண்டி எண்ணிக்கை குறைவு, காலையிலேயே தீர்ந்துவிடும். வெளி நிறுவனங்களில் முன்பதிவு செய்தால் ஓட்டலுக்கே கொண்டுவருவார்கள். 18 வயது ஆனவர்தான் ஓட்டலாம். தனி வரிசை கிடையாது. பெரும்பாலான வரிசைகளில் நாற்காலியோடே போக இடம் விட்டிருக்கிறார்கள். கிளிமஞ்சாரோ சஃபாரியில் நாற்காலியிலிருந்து இறங்காமலே ஏறலாம், பல ரைடுகளில் இறங்கி மாறி உட்கார வேண்டும். வீட்டில் நன்றாக நடக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். எப்காட்டில் ஏரியைச் சுற்றிய பாதை மட்டுமே ஏறத்தாழ 2 கி.மீ.

மழை வந்தால்?
_வாசகி, கோவை_

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடி மழை வழக்கம். பக்கத்தில் மின்னல் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அதற்காக டிக்கெட் பணம் தர மாட்டார்கள். கிளம்பி ஓடாமல் ஒரு மணி நேரம் உள்ளரங்கக் காட்சிகளைப் பாருங்கள்; மழை விட்டதும் வரிசை குறைந்திருக்கும். மழைக்கோட்டு ஊரிலேயே வாங்கிப் போங்கள்.

வாடகைக் கார் எடுப்பது நல்லதா?
_வாசகர், சேலம்_

டிஸ்னி ஓட்டலில் தங்கினால் பஸ் இலவசம், கார் தேவையில்லை. பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மியில் வீடு எடுத்தால் கார் இல்லாமல் முடியாது. மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போனால் வாசல் வரை போக முடியாது. ஏரிக்கு இக்கரையில் நிறுத்திவிட்டு மோனோரயில் அல்லது படகில் கடக்க வேண்டும், அதற்கு முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 5 வயது வரையுள்ள குழந்தைக்குக் காரில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்பது ஃபுளோரிடா சட்டம். டாக்சியிலும் அந்தப் பொறுப்பு பெற்றோருடையது.

விமான நிலையத்திலிருந்து வரும் விரைவுச்சாலைகளில் சுங்கம் உண்டு. கார் நிறுவனத்தின் சுங்கத் திட்டத்தில் சேர்ந்தால் தினசரிக் கட்டணமும் சேர்த்துப் பிடிப்பார்கள். அதற்குப் பதிலாக ஆர்லாண்டோ விமான நிலையத்தில் கிடைக்கும் விசிட்டர் டோல் பாஸை ஆப்பில் பதிவு செய்து வாங்கி, காரின் உள்கண்ணாடியில் மாட்டுங்கள். சுங்கம் மட்டும் உங்கள் அட்டையில் கழியும். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைக் கழற்றி, அங்கேயே உள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டும்.