'டவர்' என்றால் கோட்டையா?

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற நீளத் துப்பாக்கியின் பக்கத் தகட்டில் மகுடமும் 'வி.ஆர்.' என்ற எழுத்தும், சுடும்போது அடிக்கும் குதிரைக்கு முன்னால் '1862 டவர்' என்றும் பொறித்திருக்கிறது. குழலின் பின்முனையில் கீல் வைத்த மூடி ஒன்று வலப்பக்கமாகத் திறக்கிறது. அருகே ரோமன் எண் இரண்டும் இரு நட்சத்திரங்களும் உள்ளன. லண்டன் டவர் கோட்டையில் 1862இல் செய்ததா?

பதில்: முதலில், உள்ளே தோட்டா இல்லையே? பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்களிடம் இருப்பது ஸ்னைடர்-என்ஃபீல்டு. பிறந்தபோது அது வேறு துப்பாக்கி. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு. வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்புறம் தோட்டா போடும் வகையை, ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் முறைப்படி, பிரிட்டிஷ் படை 1866இல் ஏற்றது. கையிருப்பில் பழையவை ஏராளம். வீணாக்க மனம் வருமா? குழலின் பின்முனையில் சுமார் இரண்டரை அங்குலத்தை வெட்டிவிட்டு, மூடியோடு கூடிய புதுக்கூட்டைத் திருகிப் பொருத்தினார்கள். பக்கத் தகடு பழையதேதான். அதனால்தான் தகடு நான்கு வயது மூத்தது.

ரோமன் இரண்டும் இரு நட்சத்திரங்களும் மாற்றியமைத்தவற்றின் அடையாளம். அடுத்து வந்த மூன்றாம் வகை புதிதாகவே செய்யப்பட்டது. அதன் எஃகுக் குழலில் 'ஸ்டீல்' என்றே பொறித்திருப்பார்கள்.

கோட்டைக் கனவைக் கலைப்பதற்கு மன்னியுங்கள். ஒப்பந்தக்காரர்கள் செய்துகொடுத்து, அரசு சோதித்து ஏற்றவற்றிலும் 'டவர்' முத்திரை உண்டு. பர்மிங்காம் பட்டறைகளில் செய்தவை ஏராளம். அரசின் என்ஃபீல்டு ஆலையில் செய்திருந்தால் 'என்ஃபீல்டு' என்றே இருக்கும்.

போலிகளும் உலவுகின்றன. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கைத்திறனில் சூரர்கள், ஆங்கில எழுத்தில் அல்ல. 'வி.ஆர்.' என்றால் 'விக்டோரியா ரெஜினா', அதாவது விக்டோரியா ராணி. அவர் 1901இல் மறைந்தார். அதற்குப் பிந்தைய ஆண்டோடு 'வி.ஆர்.' கண்டால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். தேவநாகரி எண்கள் இருந்தால் நேபாளம் வழியாக வந்ததென்று நினையுங்கள்.

தயவுசெய்து உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் தகட்டை ஒருவர் என்னிடம் பெருமையாக நீட்டினார். மகுடத்தில் பாதிதான் மிஞ்சியிருந்தது. மங்கிய எழுத்தில் சுண்ணக்கட்டித் தூளை விரலால் தடவினால் போதும், தெளிவாகத் தெரியும்.

அப்படியே இன்னொன்றையும் தேடுங்கள்: முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புக்குறிகள். இருந்தால், படை அதைக் கழித்து முறைப்படி விற்றிருக்கிறது. தாத்தா கைக்கு வந்த வழியின் முதல் படி அதுதான்.